மூன்றரை லட்சத்துக்குள் பழைய சின்ன கார்: எதை எடுக்கலாம், எதைப் பார்த்து எடுக்கணும்

கேள்வி இதுதான்: திருச்சியில் நான்கு பேர் உள்ள குடும்பம். ஆபீஸ் போய்வர தினம் 20 கிலோமீட்டர், மாதம் ஒருமுறை சொந்த ஊர். கையில் 3.5 லட்சம். 2014 ஸ்விஃப்ட் டீசல் ஒன்று 3.4 லட்சத்துக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா? டெல்லி பதிவு வண்டிகள் இன்னும் குறைவாக வருகின்றனவே, அதைப் பார்க்கலாமா?

முதலில் கணக்கு. 3.5 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்கு வண்டி தேடுங்கள். மிச்சம் 50,000 முதல் இரண்டு மாதத்திலேயே போய்விடும். டயர் நான்கும் மாற்றினால் 16,000 முதல் 18,000. பேட்டரி 4,500-ஐ ஒட்டி வரும். எல்லா ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் ஒரு முழு சர்வீஸ் 6,000. இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் இரண்டும் தனி. கிளட்ச் செட் தேய்ந்திருந்தால் இன்னொரு 8,000. 3.4 லட்சத்துக்கு வண்டியை எடுத்துவிட்டு, வழுக்கை டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இரவில் ஹைவேயில் போகிறவர்கள்தான் அதிகம். அந்த வரிசையில் சேர வேண்டாம்.

அடுத்து டீசலா பெட்ரோலா. நீங்கள் சொன்ன ஓட்டம் மாதம் 800 கிலோமீட்டருக்குள் வரும். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கொடுத்தால் 50 லிட்டர், சுமார் 5,000 ரூபாய். டீசல் 20 கொடுத்தால் 40 லிட்டர், சுமார் 3,700. மாதம் 1,300, வருடம் 16,000 மிச்சம். நல்ல தொகைதான். ஆனால் அந்த ஸ்விஃப்டில் இருப்பது 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின். அடிப்படையில் நல்ல இன்ஜின், ஃபியட்காரர்கள் வடிவமைத்தது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு இதில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கும் போனால் செலவு அரை லட்சத்தை நெருங்கும், டர்போ போனால் 25,000-க்குக் குறையாது. ஆயில் மாற்றாமல் இழுத்த வண்டியில் டைமிங் செயின் நீண்டு, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கம் கரகரவென்று சத்தம் வரும். மூன்று வருட டீசல் மிச்சத்தை ஒரே ஒர்க்‌ஷாப் பில் சாப்பிட்டுவிடும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கே பழைய டீசல் கட்டுப்படியாகும். உங்களுக்குப் பெட்ரோல்தான்.

எந்த மாடல்? உங்கள் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் மாடல். மூன்று பெயர் சொல்கிறேன்.

2010 முதல் 2018 வரை வந்த வாகன்ஆர், 998 சிசி கே10 இன்ஜின். பார்க்க அழகில்லை, காற்றடித்தால் ஹைவேயில் ஆடும், சத்தமும் உண்டு. ஆனால் பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். பார்ட்ஸ் தாலுகா தலைநகரிலும் கிடைக்கும். செலவு மிகக் குறைவாக வைக்கும் வண்டி இதுதான்.

2011 முதல் 2018 வரை வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சிசி. ஓட்டச் சுகம். பின்சீட்டும் டிக்கியும் குறுகல். பேருக்கு டிமாண்ட் அதிகம், அதனால் அதே காசுக்கு இரண்டு வருடம் பழைய வண்டியே கிடைக்கும். இளைஞர்கள் கையில் இருந்த வண்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: அகல டயர், தாழ்த்திய ஸ்பிரிங், மாற்றிய சைலன்சர் இருந்தால் நகர்ந்துவிடலாம்.

2013 முதல் வந்த கிராண்ட் ஐ10 பெட்ரோல், 1197 சிசி கப்பா இன்ஜின். உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வு இது. ஏசி நன்றாக இருக்கும், உள்ளே ஃபினிஷிங் இந்த விலைக்கு மேல், டிக்கியில் ஊருக்குப் போகும் மூட்டை அடங்கும். இதில் வரும் ஒரு சத்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்: வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை இடவலமாகச் சின்னதாக ஆட்டினால் 'டக் டக்' என்று கேட்கும். எலெக்ட்ரிக் ஸ்டியரிங் மோட்டாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் கப்லர் தேய்ந்ததால் வருவது. பார்ட் சில நூறு ரூபாய், ஸ்டியரிங் தண்டை இறக்கி மாற்ற கூலி தனி. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 'ஸ்டியரிங் அசெம்பிளியே போச்சு' என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வாருங்கள். பேரம் பேச மட்டும் இந்தச் சத்தம் உதவும்.

இதைவிடப் பழைய ஐ10 பார்த்தால் 1.1 லிட்டர் இன்ஜினா, 1.2 கப்பாவா என்று கேளுங்கள். கப்பாவில் செயின். 1.1-ல் டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால், வாங்கிய வாரத்திலேயே பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றிவிடணும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து ஹெட்டையே கழற்ற வேண்டிய நிலை வரலாம்.

எட்டியாஸ் லிவா கிடைத்தால் யோசிக்காமல் பார்க்கலாம், இன்ஜின் உழைக்கும். ஆனால் எட்டியாஸ் குடும்பம் டாக்சியில் நிறைய ஓடியது என்பதை மறக்கக் கூடாது, அது பற்றிக் கீழே. ஹோண்டா பிரியோ இன்ஜின் அருமை. பின்கதவு முழுக்கக் கண்ணாடி என்பதால் பின்னால் ஒருவர் லேசாக இடித்தாலே பெரிய பில். ஃபோர்டு ஃபிகோ ஓட்டுவதற்கு இந்த வரிசையிலேயே சிறந்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு விலை இறங்கியது. பார்ட்ஸ் கிடைக்கிறது, ஆனால் ஃபோர்டு தெரிந்த ஒரு மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் எடுங்கள். செவர்லே பீட் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த நிறுவனம் 2017 முடிவிலேயே இந்திய விற்பனையை நிறுத்திவிட்டது.

ஏர்பேக் விஷயம் தனியாகச் சொல்லணும். ஓட்டுநர் ஏர்பேக் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் மேல் வேரியன்ட்டில்தான் இருக்கும். ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட், ஐ10, ஃபிகோ மூன்றுமே 2014-ல் காரை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பூஜ்ஜிய நட்சத்திரம். அதனால் ஒரு வருடம் பழசானாலும் பரவாயில்லை, இரண்டு ஏர்பேக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வேரியன்ட்டைத் தேடுங்கள். இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்காமல், வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். சாவியை இக்னிஷன் வரை திருப்பினால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணையணும். எரியவே இல்லை என்றால், விபத்தில் ஏர்பேக் வெடித்து, புதிது போடாமல் விளக்கை மட்டும் கழற்றியிருக்க வாய்ப்பு உண்டு. டேஷ்போர்டில் இடதுபக்க ஏர்பேக் மூடியின் ஓரம் ஒட்டுப்போட்டது மாதிரி இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

இனி வண்டியைப் பார்க்கும் முறை. காலையில் போங்கள், நல்ல வெளிச்சத்தில், கழுவாத வண்டியாக இருந்தால் நல்லது. 'நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று சொல்லிவையுங்கள். போனதும் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

பேப்பரில் தொடங்குங்கள், ஏனென்றால் இங்கே பாதி வண்டி கழிந்துவிடும். ஆர்சியில் உரிமையாளர் எண்ணிக்கை, தயாரித்த மாதம், கடன் பதிவு மூன்றையும் பாருங்கள். அதையே மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவு எண் கொடுத்து ஒத்துப்பாருங்கள். ஈ-சலான் பாக்கி இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். பிறகு பானட்டுக்குள் ஃபயர்வாலிலோ (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) முன்சீட்டுக்கு அடியிலோ பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எழுத்தைச் சுற்றி அரைத்த தடமோ புது பெயிண்ட்டோ இருந்தால் பேச்சே வேண்டாம்.

இன்சூரன்ஸ் பாலிசியைப் பெரும்பாலோர் தேதி பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் செய்யாததற்குத் தரும் பிரீமியத் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும், கிளைம் செய்தால் பூஜ்ஜியத்துக்கு விழும். 'சிங்கிள் ஓனர், எட்டு வருஷமா ஒரு கீறல் இல்லை' என்று சொல்பவரின் பாலிசியில் 20 சதவீதம் இருந்தால், ஒன்றிரண்டு வருடத்துக்கு முன் ஏதோ கிளைம் நடந்திருக்கிறது அல்லது பாலிசி நீண்ட நாள் விட்டுப்போயிருக்கிறது. இரண்டில் எது என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வண்டியின் உடம்பைக் கூடுதலாகத் தடவிப் பாருங்கள்.

கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது அரைமணி வேலை. ஷோரூம் சர்வீஸ் வண்டி என்றால், பதிவு எண்ணை வைத்து அந்த கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி கேட்கலாம். ஒவ்வொரு சர்வீசுக்கும் எழுதிய கிலோமீட்டர் வரிசையாக ஏறியிருக்கணும். ஹிஸ்டரி பாதியில் நின்றுவிட்டால் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2320 என்றால் 2020-ன் 23-வது வாரம். 2017 வண்டி, மீட்டரில் 30,000, ஆனால் நான்கு டயரும் 2020-ல் செய்தவை என்றால், முதல் டயர்கள் மூன்றே வருடத்தில் தேய்ந்து போயிருக்கின்றன. ஒரு செட் டயர் 40,000-க்கு மேல் ஓடும். மீட்டர் பொய் சொல்கிறது. கிளட்ச் பெடல் ரப்பரின் கோடுகள், டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம், ஸ்டியரிங்கில் கைபடும் இடத்தின் வழவழப்பு எல்லாம் அதே கதையைச் சொல்லும். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் யோசிக்கணும்.

டாக்சியாக ஓடி ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டிகள் சந்தையில் நிறைய. மஞ்சள் போர்டு இருந்த தடத்தை ஆர்சி விவரத்திலும் பழைய இன்சூரன்ஸிலும் தேடலாம். கூரையில் கேரியர் போட்ட துளை, டேஷ்போர்டுக்கு அடியில் வெட்டி விட்ட ஒயர், பின்கதவு கைப்பிடி அளவுக்கு மீறித் தேய்ந்திருப்பது ஆகியவை அடையாளம். சொந்த வண்டியில் பின்கதவு அவ்வளவு தேயாது.

டிங்கரிங் வேலை நடந்ததா என்பதைப் பெயிண்ட்டின் பளபளப்பில் தேடக் கூடாது, போல்ட்டில் தேடணும். பானட் கீல், முன் ஃபெண்டர், கதவு கீல் எல்லாவற்றின் போல்ட் தலையிலும் கம்பெனி பெயிண்ட் உடையாமல் இருக்கணும். ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். ஃபெண்டர் மாற்றியதைப் பொருட்படுத்த வேண்டாம், நம் ஊர் டிராஃபிக்கில் அது சகஜம். ஏப்ரன் (இன்ஜினுக்கு இருபக்கமும் உள்ள உள்தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), டிக்கித் தரை இந்த மூன்றில் கை வைத்திருந்தால்தான் விட்டுவிடணும். கதவு ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் கழன்று வரும். அடியில் சீரான இடைவெளியில் வட்டக் குழியாக ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் தெரியணும். புள்ளி இல்லாமல் வழவழப்பாக இருந்தால் உள்ளே பட்டி. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டையும் பாருங்கள். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி யாரிடமாவது இருந்தால் வாங்கிப் போங்கள்: கம்பெனி பெயிண்ட் 80 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டும், 300-ஐத் தாண்டினால் பட்டி வேலை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் இப்படித்தான் வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியது. 2023-ல் அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டை ஓரத்தில் தூக்கினால் மக்கிய வாடை, ஹெட்லைட்டுக்குள் படிந்த மண். இதில் இரண்டு சேர்ந்திருந்தாலே போதும், வேண்டாம். இன்று ஓடும். ஆறு மாதம் கழித்து ஒயரிங் சாக்கெட் ஒவ்வொன்றாகப் பச்சைப் பூத்து, எந்த விளக்கு எப்போது எரியும் என்று தெரியாமல் அலைய வேண்டியிருக்கும்.

இன்ஜினுக்கு வருவோம். குளிர்ந்த இன்ஜினைச் சாவி திருப்பி ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். முதல் சில விநாடி வெண்மையாக ஆவி வந்தால் சாதாரணம். நீலப் புகை ஆயில் எரிவது. இன்ஜின் சூடானபின் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். லேசான ஆவி பரவாயில்லை. புகை குப்குப்பென்று தள்ளி, மூடியை மேலே வைத்தால் துள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அந்த வேலை 40,000-க்குக் குறையாது. கூலன்ட் டேங்கில் வெறும் தண்ணீரோ துரு நிறமோ இருந்தால் பராமரிப்பு அவ்வளவுதான் என்று பொருள். அதில் ஆயில் மிதந்தாலோ, இன்ஜின் ஓடும்போது குமிழி விட்டுக்கொண்டே இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

2013-க்குப் பிந்தைய வண்டி என்றால், இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரைச் செருகி, ஃபால்ட் கோடு இல்லை என்று வந்ததும் சந்தோஷப்பட வேண்டாம். 'கோடு அழித்தபின் ஓடிய தூரம்' என்ற வரியைப் பாருங்கள். அது 5 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் அழித்திருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டு வேண்டாம். முதலில் ஏசியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, மேடு பள்ளமான தெருவில் 20 வேகத்தில். 'கட கட' என்றால் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ், 'தொம்' என்றால் ஸ்ட்ரட் மவுன்டிங். இவை எல்லாம் சேர்த்தே பத்தாயிரத்துக்குள் முடியும் வேலை, விலையில் கழித்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடித்தால் 'டிக் டிக் டிக்' என்று வருவது ஆக்ஸில் ஜாயின்ட். 40 வேகத்தில் நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஹைவேயில் 80 வரை போய், ஆள் இல்லாத இடத்தில் நன்றாக பிரேக் பிடியுங்கள். ஒருபக்கம் இழுக்கக் கூடாது. கடைசியாக, வண்டியை வெயிலில் நிறுத்தி, ஐடிலில் ஏசியைப் பத்து நிமிடம் விடுங்கள். அறை வெப்பம் காட்டும் சாதாரண தெர்மாமீட்டரை வென்ட்டில் வைத்தால் 12 டிகிரிக்குக் கீழே வரணும். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடாகிறது என்றால் கண்டன்சர் ஃபேனாக இருக்கலாம், கேஸ் குறைவாகவும் இருக்கலாம். கூலிங் காயில் ஓட்டை என்றால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும், அதற்காக விலையில் முன்கூட்டியே பத்தாயிரம் கழியுங்கள்.

டெல்லி வண்டி கேட்டிருந்தீர்கள். அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் வந்த தடையால்தான் விலை விழுந்தது. வாங்கியபின் படிவம் 28 என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ப இங்கே ஆயுள் வரி, இவற்றுக்கு அலையும் நாட்கள் என்று சேர்த்தால் விலைவித்தியாசம் கரைந்துவிடும். மீட்டரும் ஓட்டமும் சரிபார்க்க வழியும் இல்லை. பிஒய் பதிவு புதுச்சேரி வண்டிக்கும் இதே கணக்குதான், தூரம் மட்டும் குறைவு. திருச்சியில் இருந்துகொண்டு டிஎன் பதிவு வண்டிக்குப் பஞ்சம் இல்லை.

எல்லாம் திருப்தி என்றால் டோக்கன் அட்வான்ஸ் 5,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்க்க 1,000 ரூபாய் கூலி கொடுப்பது வீண் செலவல்ல. விற்பவரே அழைத்துவரும் மெக்கானிக் வேண்டாம். மீதிப் பணம் வங்கி வழியாக, ஆர்சியில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே போகணும். அண்ணன் கணக்கு, நண்பர் கணக்கு எல்லாம் வேண்டாம். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசியும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்தபின்தான் முழுப்பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்சியில் உள்ளவரே உங்கள் முன்னால் கையெழுத்துப் போடட்டும். புரோக்கர்கள் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் தேதி எழுதாத படிவங்களை ஏற்காதீர்கள், கையெழுத்து ஒத்துப்போகாமல் ஆர்டிஓ திருப்பி அனுப்பினால் அந்த உரிமையாளரை எங்கே போய்த் தேடுவது? வாங்கிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும் என்பது சட்டம்.

இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம். அதற்குப் பிறகு மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தொடர்ந்தாலும், உங்கள் வண்டிக்கான சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். நோ கிளைம் போனஸ் வண்டியோடு வராது, விற்றவரோடு போய்விடும். அதனால் பாலிசியில் எழுதியிருக்கும் பிரீமியத்தை வைத்து உங்கள் செலவைக் கணக்கிட வேண்டாம். போனஸ் வித்தியாசத்தைக் கட்டித்தான் அதே பாலிசி உங்கள் பெயருக்கு மாறும். ஒதுக்கி வைக்கச் சொன்ன 50,000-ல் இதற்கும் ஓர் இடம் விடுங்கள்.